ஊறிய மகரந்தம்

மூன்று தடவை அளந்தேன். நாலாவது தடவை லென்ஸைத் துடைத்துவிட்டு அளந்தேன். அதே முப்பது மைக்ரான். ரோஜா நிறப் பூவின் மகரந்தம் அதன் உறவுக்கார வெள்ளைப் பூவின் மகரந்தத்தைவிட இம்மிகூடப் பெரிசில்லை.

அது நாற்பத்திரண்டு என்று சொல்லித்தானே இரண்டும் வேறு வேறு இனம் என்று கட்டுரை எழுதி, கைதட்டல் வாங்கி, மூன்று வருஷமாக மிதப்பில் திரிகிறேன்!

ஏதோ புத்தகத்துக்குப் படம் கேட்டார்களே என்று, பாடம் செய்து வைத்த அதே பூவிலிருந்து இன்று காலை புது ஸ்லைடு போட்டேன். அதனால் வந்த வினை. பழைய ஸ்லைடை எடுத்து முதல் முறையாக அதன் தேதியைப் பார்த்தேன். நான் அளந்தபோதே அதற்கு எட்டு வயது; வெள்ளைப் பூவினுடையதோ அன்றைக்குப் போட்டது. கிளிசரின் ஜெல்லியில் அத்தனை நாள் கிடந்தால் மகரந்தம் ஊறிப் பருத்துவிடும். முதல் வருஷப் பாடம் இது.

மூன்று வருஷம் முன்பு அந்தக் கட்டுரையைப் படித்த கூட்டத்தில் கேள்வி கேட்க ஒரே ஒருவர்தான் எழுந்தார். நான் ‘ஆமை’ என்று பேர் வைத்த சீனியர். ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் வைர ஊசியால் தேதி கீறிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்.

“அந்த ஸ்லைடு என்னைக்குப் போட்டதும்மா?”

“என்னைக்குப் போட்டா என்ன சார்? மகரந்தம் என்ன கரைச்சு வெச்ச மாவா, பொங்கி வழிய? மொதல்ல உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அரங்கமே சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதமே விதைக் கிடங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். விட்டது தொல்லை என்று நினைத்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

இன்று நான் போய் நின்றபோது, கிடங்கில் அவர் விதைகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார். தப்புன்னு எழுதி அனுப்பிடறேன். உங்ககிட்ட ரெண்டுக்கும் ஸ்லைடு இருந்துச்சே, அதையும் சேர்த்து...”

“இல்லம்மா. எல்லாத்தையும் கழுவிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“பன்னெண்டு வருஷத்து ஸ்லைடு. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களா, என் கண்ணுதான் சரியில்லபோலன்னு ஆயிடுச்சு. வெறும் ஸ்லைடு கண்ணாடியாவது உதவட்டுமேன்னு உங்க ரூமுக்கே அனுப்பிட்டேன்.”

குத்தலே இல்லாமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அறைக்குத் திரும்பி, காலையில் போட்ட ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்தேன். மூலையில் பொடி எழுத்தில் அவர் கீறிய தேதி அப்படியே இருந்தது.