பெற்றோர் நாளில் சுருங்கியவர்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் இரண்டுக்குச் சொந்தக்காரரான ஜியாவுல்லா சாகிபு, 1924ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பட்டைமேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டருக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏழு வயதுப் பையன் உயரத்துக்குச் சுருங்கிப் போனார். உடுப்பு சுருங்கவில்லை. துருக்கித் தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கியது, ஷெர்வானியின் கைகள் முழங்காலைத் தாண்டித் தொங்கின, கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் கங்காதரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், வேறென்ன சொல்ல, "காலை ஆட்டாதே, கையைக் கட்டு" என்று ஓர் அதட்டல் போட்டார். ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிற மனிதர் மறுபேச்சு இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டார். அவருடைய மகன் பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதற்கு, "இனிமே செய்ய மாட்டேன் சார்" என்று கீச்சுக் குரலில் சாகிபுதான் பதில் சொன்னாராம். வாசற்படியைத் தாண்டியதும் பழைய உயரம் திரும்பிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அங்கே நின்றிருந்தவர்களை எல்லாம் ஒரு முறை முறைத்துவிட்டு வண்டி ஏறிப் போனார்.

பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு வைத்துப் பேசும் வழக்கம் அதற்கு முன் நம் ஊரில் கிடையாது. வேலூரிலிருந்து புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் போட்ட உத்தரவு அது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைத் தோல் ஷாப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள், பெஞ்சு காலியாகக் கிடக்கிறது என்பது அவருடைய வருத்தம். ஆகையால் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் தாயோ தகப்பனோ ஹெட்மாஸ்டர் அறைக்கு நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும், வராவிட்டால் பிள்ளையின் பேரை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த அறையில் ஆள் சுருங்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? யாருக்குத்தான் தெரியும்? வருகிறவர் எந்த வயதில் படிப்பை நிறுத்தினாரோ அந்த வயது உயரத்துக்கு வந்துவிடுகிறார் என்பது இரண்டு மூன்று பெற்றோர் நாள் நடந்த பிறகே புரிந்தது. பி.எல். முடித்த வக்கீல் ராஜவேலு மட்டும் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அவருக்குப் பிள்ளை குட்டி எதுவும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் தவறாமல் வந்து அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

தோல் ஷாப்புக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காய்கிற தோல் சுருங்காமல் இருக்க எண்ணெய் தடவி இழுத்துப் பலகையில் அடிப்பது அவர்களுடைய அன்றாடத் தொழில். தோலுக்கு உள்ளது ஆளுக்கும் இருக்காதா என்று ஒரு யோசனை கிளம்பி, மேஸ்திரி அப்துல் வஹீதைப் பெற்றோர் நாளன்று விடியற்காலையில் படுக்க வைத்து, புங்க எண்ணெய் தடவி, இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்து வெகுநேரம் இழுத்தார்கள். மனுஷன் நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார். சுருங்குவது என்னவோ சுருங்கியேவிட்டார். எண்ணெய் தடவியிருந்ததால் நாற்காலியில் நிற்காமல் வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்ததும், பியூன் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி உட்கார வைத்ததும் கூடுதல் அவமானம். அதன் பிறகு எண்ணெய் யோசனையை யாரும் எடுக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது சகீனா விஷயம். விதவையான சகீனா பள்ளிக்கூடப் படியே ஏறாதவர். மகனுக்காகப் புர்கா போட்டுக்கொண்டு வந்தார். கோஷா பெண் என்பதால் அறையின் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டி, அந்தப் பக்கம் அவரை உட்காரச் சொல்லியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் போர்வையைப் பார்த்துப் பையனின் குணத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்த பியூன் பெண்சாதி, "இங்க யாருமே இல்லீங்களே" என்றாள். வெளியே போனால் சகீனா தெருவில் நிற்கிறார். உள்ளே காலை வைத்தது வரைக்கும் தெரியும், அப்புறம் ஒன்றும் தெரியவில்லை என்கிறார். ஆக, படிக்காதவர்கள் சுருங்குவதில்லை, மறைந்தே போகிறார்கள். குமாஸ்தா ஒரு கறார் பேர்வழி. கண்ணுக்குத் தெரியாத ஆளை எப்படி வந்ததாக எழுதுவது என்று 'வரவில்லை' என எழுதிவிட்டார். பையனின் பேர் போயிற்று. அடுத்த வாரமே அவன் தோலில் முடி சுரண்டிக்கொண்டிருந்தான்.

1927இல் வேலாயுதத்தின் முறை வந்தது. வேலாயுதம் ஜியாவுல்லா சாகிபின் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர், படிக்காதவர். மகள் அமிர்தவள்ளி ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பில் அவளைவிட வேகமாகக் கணக்குப் போடும் பிள்ளை கிடையாது. ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் அம்மாவோடு, தோல் பதனிட மரப்பட்டை இடிக்கும் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். அங்கே பறக்கிற தூளில் அம்மா தனகோடிக்கு ஏற்கெனவே இருமல் பிடித்து, பேசும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மகளும் அந்தத் தூளைத் தின்ன வேண்டுமா என்ற நினைப்பில் வேலாயுதத்துக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட்டு விட்ட நாளிலிருந்து அவர் தூங்கினாரா என்பதே சந்தேகம்.

"மறைஞ்சா மறைஞ்சுட்டுப் போயேன். சகீனாம்மா திரும்ப வரல?" என்றாள் தனகோடி.

"நான் மறையறதுக்கா பயப்படறேன்? ஆள் வரலன்னு அந்த குமாஸ்தா எழுதிடுவானேடி. பொண்ணு இன்னா ஆவும்?"

தனகோடியும் படிக்காதவள், போனாலும் அதே கதைதான். முதலாளி ஏழு வயது உயரத்துக்காவது கண்ணுக்குத் தெரிகிறாரே, அவரையே தகப்பன் இடத்தில் வந்து நிற்கச் சொல்லலாம் என்று வேலாயுதம் கெஞ்சிப் பார்த்தார். சாகிபு இரக்கமுள்ள மனுஷர்தான். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. "வேற இன்னா வேணும்னாலும் கேளு வேலாயுதம். அங்க மட்டும் கூப்பிடாதே. போன தபா அந்த வாத்தியார் பிரம்பு மேல கைய வெச்சுட்டாரு" என்றார். மற்ற ஆட்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு போ, மறையாமல் இருக்கும் என்றான் ஒருவன். கற்பூரம் கொளுத்திக்கொண்டே போ என்றான் இன்னொருவன். வேலாயுதம் ஒன்றும் செய்யவில்லை. அன்று காலையில் உடம்பிலிருந்த சுண்ணாம்பு வாடை போகும்வரை பாலாற்றில் தேய்த்துக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

வாசற்படியில் இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, பொண்ணு..." என்று ஆரம்பித்து ஒரு காலை உள்ளே வைத்தார். அவ்வளவுதான், ஆளைக் காணோம். வேட்டி ஓரத்தைப் பிடித்திருந்த அமிர்தவள்ளியின் விரல்கள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. நாற்காலி காலி. குமாஸ்தா பேனாவை மையில் தொட்டார்.

"வந்தாரு சார்! இப்பதான் சார் வந்தாரு! நீங்களே பாத்தீங்களே!" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். ஹெட்மாஸ்டருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. கெட்டவர் இல்லை அவர். உத்தரவுக்குப் பயந்தவர், நம்மில் முக்கால்வாசிப் பேர் போல. எங்காவது பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று மேற்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கட்டையில் முகவாயை வைத்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். எட்டு வயது இருக்கும். தலையில் பட்டைக் கூடை, புருவமெல்லாம் பட்டைத் தூள்.

"யாருடா அது?"

"நான்தாங்க ஐயா, வேலாயுதம். பொண்ணு விஷயமா வரச் சொல்லியிருந்தீங்களே."

கட்டடம் கட்டின புதிதில், அது ஆகிவிட்டது முப்பது வருஷத்துக்கு மேல், ஜவ்வாது மலைப் பட்டையைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கமாகப் போகிற பிள்ளைகளில் வேலாயுதமும் ஒருவர். ஹெட்மாஸ்டரின் அறை அப்போது வகுப்பறை, அந்தக் கரும்பலகை இன்னும் சுவரில் இருந்தது. சேரிப் பிள்ளைகளை அப்போது உள்ளே விடமாட்டார்கள். மற்றப் பிள்ளைகள் நடந்து போய்விட, இவர் மட்டும் அந்த ஜன்னலில் நின்றுவிடுவார். யாராவது பார்த்துத் தண்ணீரை வீசி விரட்டும்வரை நிற்பார். ஒரு வருஷம் நின்றாரோ, அதற்கும் மேலோ. இதைப் படிப்பு என்று அவரே நினைக்காததால் கட்டின பெண்சாதியிடம்கூடச் சொன்னதில்லை.

குமாஸ்தா ஒத்துக்கொள்ளவில்லை. "அறைக்குள்ள வரணும்னுதான் சார் உத்தரவு. வெளியில நிக்கறது வந்ததாகாது" என்றார். உள்ளே வா என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட, பையன் கூடையோடு சுற்றி ஓடினான். வாசலில் வேட்டி கட்டிய வேலாயுதமாகத் தெரிந்தார், கும்பிட்டார், படியைத் தாண்டினார், மறைந்தார், மறுபடி ஜன்னலில் வந்து நின்றார். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். இன்னொரு தடவையும் அதே கும்பிடு, அதே மறைவு, அதே ஜன்னல். காத்திருந்த மற்றப் பெற்றோர் முதலில் சிரித்தார்கள். அவர் மூச்சிரைக்க மறுபடியும் ஓடி வந்து, மறுபடியும் ஒழுங்காகக் கும்பிட்டதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"போதும், ஓடாதே. அங்க நின்னு இன்னா படிச்சே, அதைச் சொல்லு" என்றார் ஹெட்மாஸ்டர்.

பையன் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தான். "ஒரு தொட்டிக்கு ரெண்டு குழாய். ஒரு குழாய் மூணு மணி நேரத்துல தொட்டிய ரொப்பும். இன்னொண்ணு ஆறு மணி நேரத்துல ரொப்பும். ரெண்டையும் ஒண்ணாத் தொறந்தா தொட்டி ரொம்ப எவ்ளோ நேரம் ஆவும்?" ஒரு சொல் தடுக்கவில்லை. இது மாதிரி இன்னும் நாலைந்து கணக்குகளைச் சொன்னான். சொல்லிவிட்டு ஒவ்வொன்றின் முடிவிலும் நின்றுவிட்டான்.

"சரி, விடை?"

"தெரியாதுங்க ஐயா."

"கேள்வி மட்டும் மனப்பாடமாத் தெரியுது, விடை எப்படித் தெரியாமப் போச்சு?"

"விடைய கீழ எழுதுவாங்க ஐயா. எனக்கு இங்கேருந்து போர்டுல மேல்பாதிதான் தெரியும். முன்னால உக்காந்திருக்கறவங்க தலை மறைச்சுக்கும்." பிறகு, குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து, "நான் குள்ளமுங்க அப்போ" என்றும் சேர்த்துக்கொண்டான்.

ஹெட்மாஸ்டர் ஜன்னலுக்குப் போய், பையனின் தலை உயரத்துக்குக் குனிந்து கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருபது வருஷம் பாடம் சொன்ன மனுஷன், அந்த இடத்திலிருந்து பலகையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் அமிர்தவள்ளி யாரையும் கேட்காமல், பெற்றோருக்குப் போட்டிருந்த நாற்காலியைக் கரும்பலகையிடம் இழுத்துக்கொண்டு போனாள். அதன்மேல் ஏறினாள். குதிகாலைத் தூக்கி எக்கி நின்று, பலகையின் மேல் விளிம்பை ஒட்டிப் பெரிய எழுத்தில் 'இரண்டு மணி நேரம்' என்று எழுதினாள்.

ஜன்னலில் இருந்த பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். உதடு அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "அட, அவ்ளோதானா!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைச் சும்மாட்டுத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

"வந்ததா எழுது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எங்க வந்ததா சார் எழுதறது?" என்றார் குமாஸ்தா.

"ஜன்னல்லன்னு எழுதய்யா!"

அமிர்தவள்ளி எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தாள், வேலூர் போய் வாத்தியார் பயிற்சி முடித்தாள், 1935இல் அதே பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தாள். வேலாயுதம் வந்து போன அடுத்த வாரமே சகீனாவுக்கும் மறுபடி ஆள் அனுப்பியிருந்தார்கள். எந்த ஜன்னலிலும் அவரைக் காணாமல் எல்லோரும் தவித்தபோது, வெளிவாசலில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி அண்ணனுக்குச் சோற்றுத் தூக்கு வைத்துக்கொண்டு நிற்பதை அவருடைய மகன்தான் கண்டுபிடித்தான். அங்கேயே போய்ச் சம்மதம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பையன் தோல் ஷாப்பிலிருந்து திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பட்டைமேட்டில் விடையை மேலே எழுதிவிட்டுத்தான் கணக்கைக் கீழே எழுதுவார்கள். புது இன்ஸ்பெக்டர்கள் வந்தால் இது என்ன தலைகீழ் வழக்கம் என்று கோபிப்பார்கள், எங்கள் ஊரில் அப்படித்தான் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்போதெல்லாம் பெற்றோர் நாளன்று ஜன்னலுக்கு ஜன்னல் ஆள் அடைத்துக்கொண்டு நிற்பதால் உள்ளே வெளிச்சம் போதவில்லை. அதனால் அன்றைக்கு மட்டும் பகலிலேயே விளக்கேற்றி வைக்கிறார்கள்.