பொன் உருகும் முன்

மலேசியாவின் அலோர் காஜாவில் நகுலன் வீட்டில் பொன்னுருக்கல். தாலிக்கான பொற்காசு தட்டில் இருந்தது. பத்தர் சாமிக்கண்ணு நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். காசு உருகிவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. யாழ்ப்பாணக் குடும்பங்களில் அதன்பிறகு யாரும் பின்வாங்குவதில்லை. ரோகினி நேரம் பார்த்துத்தான் வந்தாள்.

அவள் நகுலனின் முதல் மனைவி. அவர்கள் மகன் ஏழு மாதம்தான் உயிரோடு இருந்தான். விறைத்த மூட்டுகள், விடாத மஞ்சள் காமாலை. "உன் ரத்தமே கெட்ட ரத்தம்" என்று மாமியார் பராசக்தி அவளை வெளியேற்றினார். மரபணுச் சோதனை முடிவைப் படித்திருந்த நகுலன் வாய் திறக்கவில்லை.

இப்போது மணப்பெண் பராசக்தியின் அண்ணன் மகள் லக்ஷனா. அதைக் கேட்ட அன்று ரோகினி சிரித்தாள். சும்மா இருந்தாலே போதும், அதே நோய் மறுபடி வந்து பழி பராசக்தியின் ரத்தத்தின் மேலேயே விழும். இரண்டு வாரம் அதை ருசித்தாள். ஆனால் நோயைச் சுமக்கப்போவது இன்னொரு குழந்தை. அதோடு, சும்மா இருந்துவிட்டால் பராசக்தியின் முகம் மாறுவதை நேரில் பார்க்கவும் முடியாது.

"உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் பராசக்தி.

"பாடம் நடத்த வந்தேன் மாமி. டீச்சர்லா நான்."

பெண்ணின் அப்பா விஜயரட்ணத்திடம் அந்த மரபணுச் சோதனைக் காகிதத்தை நீட்டினாள்.

"மாமா, செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பைகள் லாரி மாதிரி சரக்கு ஏத்திக்கிட்டு ஓடும். சரியான இடத்துல ஒட்டி இறக்க ஒரு புரதம் உதவும். அதைச் செய்யுற மரபணு வி.பி.எஸ்.33பி. அம்மா ஒரு பிரதி, அப்பா ஒரு பிரதி தருவாங்க. ஒண்ணு கெட்டா வெளியே தெரியாது. ரெண்டும் கெட்டா சரக்கு வழி தவறும், பித்தம் ஈரல்லயே தேங்கும். என் பிள்ளைக்கு ரெண்டுமே கெட்டிருந்துச்சு."

"அப்போ நகுலன்கிட்ட...?"

"ஒண்ணு இருக்கு. அவர் பேரு இங்க பாருங்க. அது மாமி வழியா வந்திருந்தா, லக்ஷனாகிட்டயும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். சோதிச்சாத்தான் தெரியும்."

"பொய்!" என்று கத்தினார் பராசக்தி.

விஜயரட்ணம் மருமகனாக வரவிருந்தவனைப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா, நகுலன்?"

நகுலன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நெருப்பை அணைங்க, பத்தர்." விஜயரட்ணம் காசை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார். "முதல்ல சோதனை. மத்தது பிறகு."

கூடத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பராசக்தியையே பார்த்தார்கள். ரோகினியும் பார்த்தாள், அவசரமில்லாமல். பிறகு காகிதத்தை வாங்கிக் காலித் தட்டில் வைத்தாள்.

"கெட்ட ரத்தம்னு சொன்னீங்களே மாமி. பாதிதான் என்னோடது. மீதியை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்."