மீரான் சொல்லாத சொல்

கரீம் பாட்சாவுக்கு வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லை. தாராவியின் தோல் கிடங்குகளுக்கு நடுவே வளர்ந்து, எம்.ஏ. முடித்து, ஹதீஸ்களின் நம்பகத்தைப் பற்றி யூனிவர்சிட்டிக்குத் தீஸிஸ் எழுதிக்கொண்டிருந்தான். ஐரோப்பிய அறிஞர்கள் சொன்னது அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. நபியவர்கள் சொன்னதாக வழங்கும் செய்திகளில் பல, நூறு இருநூறு வருஷம் கழித்து எழுந்த சச்சரவுகளில் பிறந்தவை. தேவைப்பட்டவர்கள் சொல்லை உண்டாக்கினார்கள், இன்னாரிடம் இன்னார் கேட்டார் என்ற சங்கிலி பிறகு பின்னோக்கி வளர்ந்தது என்றார்கள் அவர்கள்.

பள்ளிவாசல் ஆலிம்சா இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அதுதான் கரீமுக்கு எரிச்சல்.

"பொய் ஹதீஸ் உண்டுன்னு வெள்ளக்காரன் வந்தா சொல்லணும், தம்பி? நம்ம இமாம்மாரே மூட்ட மூட்டயா கழிச்சுத் தள்ளியிருக்காக. சொன்னவன் யாரு, அவன் நாணயம் என்னன்னு விசாரிக்க நாடு நாடா அலைஞ்சிருக்காக."

"நாணயமானவனும் சொல்லுவான், ஆலிம்சா. வேணும்னு தோணிட்டா, கேட்டதாவே நம்பிருவான்."

"மௌத்தாகி மண்ணுக்குள்ள போனவன் பேரச் சொல்லிப் பொய் சொல்ல நம்ம சனத்துக்கு வாய் வராது."

அந்த வார்த்தை கரீமைக் குடைந்துகொண்டே இருந்தது.

நாற்பத்து நாலு ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது. தோல் கட்டு இறக்கப் போயிருந்த செய்யது மீரான் உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் அண்ணன் மைதீன் பிச்சை வேறெங்கோ பிணங்களைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் கரீம்தான் மீரானைக் கண்டுபிடித்து, உயிர் போகும்வரை கூட இருந்தான். மீரான் ஒன்றும் பேசவில்லை. பேச உதடு மிஞ்சியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் போனபின், டீக்கடை நாகூர் கனியிடம் கரீம் பேச்சுவாக்கில் சொன்னான். "'மைமூன நம்ம வீட்டுலயே வச்சுக்கிடச் சொல்லு'ன்னான் மீரான். பாவம்."

யாருக்கும் கெடுதல் இல்லாத வாக்கியமாகத்தான் அதைப் பொறுக்கியெடுத்தான். இளவயதில் தாலியறுத்த மீரானின் மனைவியை, கைக்குழந்தையோடு தெருவில் விடாமல் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதானே. சொல் எப்படி ஊறி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, ஆலிம்சாவிடம் சிரித்துக்கொண்டே உடைத்துவிடலாம்.

மழை ஓய்வதற்குள் சொல்லுக்குக் கைகால் முளைத்துவிட்டது. மைமூன் வேறு நிக்காஹ் செய்யக்கூடாது என்று மீரான் சொன்னதாக முடிவெட்டும் கடையில் கரீம் கேட்டான். செய்தால் அண்ணனைத்தான் செய்ய வேண்டும் என்று சொன்னதாகக் கிடங்கில் கேட்டான். யார் சொன்னார்கள் என்று ஒவ்வொருவராய் விசாரித்துப் போனால் நாகூர் கனியிடம் வந்து நின்றது. கனியோ, தானே ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், மீரான் தன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாகவும் சொன்னான். சொல்லும்போது அவன் கண் நிறைந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்பதைக் கரீம் பார்த்தான். வீட்டுக்குப் போய் விடாமல் எழுதினான்.

மைமூனின் நாலு மாதம் பத்து நாள் இத்தா துக்கம் முடிந்ததும் குர்லாவிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தார். தகரப் பட்டறைக்காரர், மனைவியை இழந்தவர். குழந்தையையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மைமூன் சம்மதித்தாள். ஏற்கெனவே மனைவி உள்ள மைதீன் பிச்சை, தம்பி சொல்லைக் காட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஜமாஅத் கூடியது.

"மௌத்தானவன் ஆசைக்கு ஷரீஅத்துல கட்டு கிடையாது" என்றார் ஆலிம்சா. "பொண்ணு சம்மதந்தான் வேணும்."

குர்லாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கலாம் ஆலிம்சா. ஆனா சாகும்போது சொன்ன வார்த்தைய மிதிச்சுக்கிட்டு எனக்கு ஒரு குடும்பம் வேண்டாம்."

ஆலிம்சா கரீமைத் திரும்பிப் பார்த்தார். "கடைசி வரைக்கும் கூட இருந்தது நீதான? என்ன சொன்னான்?"

திரைக்குப் பின்னால் மைமூனின் குழந்தை சிணுங்கியது. கரீம் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணும் சொல்லல. நாந்தான் கட்டிச் சொன்னேன்."

"எதுக்கு?"

"எப்படிப் பரவுதுன்னு பாக்க."

மைதீன் பிச்சை எழுந்து நின்றான். "நபி சொன்னதையே சொல்லலன்னு எழுதுற பய. என் தம்பி சொன்னதயா ஒத்துக்கிடப் போறான்?"

கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. நாகூர் கனி அழுதுகொண்டே அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டான். குர்லாக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

வெளியே வந்ததும் ஆலிம்சா கரீமின் தோளைத் தொட்டார். "நீ கட்டுனதுதான்னு நான் நம்புறேன். அதனாலயே இனிமே நீ சொல்ற எதையும் நம்ப மாட்டேன்."

பக்ரீத் கழிந்த வாரம் மைதீன் பிச்சைக்கும் மைமூனுக்கும் நிக்காஹ் நடந்தது. சம்மதமா என்று கேட்டார்கள். போக்கிடமில்லாதவள் சம்மதம் என்றாள். மூத்தவள் அவளை அடுப்படிக்கு அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. மைதீன் பிச்சைக்கு அடிக்கிற கை. சுவருக்கு இந்தப் பக்கம் கரீமுக்கு எல்லாம் கேட்டது.

தீஸிஸ் தேறியது. சொல் பரவிய விதத்தை வைத்து எழுதிய அத்தியாயத்தைப் பரிசோதகர்கள் தனியாகப் பாராட்டினார்கள். காலேஜில் வேலை கிடைத்து, கரீம் மாட்டுங்காவுக்குக் குடி மாறினான்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து உம்மாவைப் பார்க்க வந்தவன், சந்தில் மைமூனை எதிர்கொண்டான். கன்னத்தில் பழைய வீக்கம். பெண் குழந்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மைமூன், மீரான் அன்னைக்கு ஒரு வார்த்தகூட..."

"அவுக உங்ககிட்ட ஏன் சொல்லணும்?" என்றாள் அவள். "எங்கிட்டல்லா சொன்னாக. கப்பல் வெடிச்ச அன்னைக்கு, வேலைக்குப் பொறப்படும்போது. 'எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணன் நிழல்லயே இரு'ன்னு சொல்லிட்டுத்தான் போனாக."

கரீம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பொய்க்கு உண்டான ஒரு சலனத்தையாவது தேடினான். இல்லை.

"நீ கேட்டியா?"

"இந்தக் காதால கேட்டேன். இல்லன்னா இதையெல்லாம் எதுக்குத் தாங்கிக்கிட்டு இருக்கேன்?" குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாப்பா என்ன சொன்னாகன்னு மாமாவுக்குச் சொல்லும்மா."

குழந்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது.