ஒரே ஷூ போட்ட பேய்கள்

பத்தொன்பது வருஷமாக, அக்டோபர் மாதம் எங்கள் வால்நட் தெருவில் கார்கள் வேகம் குறைக்கும் இடம் என் வீட்டு வாசல்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்காக என் வாசல் புல்தரையில் ஒரு சாப்பாட்டு மேஜை போட்டிருப்பேன். அதைச் சுற்றி வைக்கோல் அடைத்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். கோட்டுப் போட்ட அப்பன், கூம்புத் தொப்பி வைத்த சூனியக்காரி அம்மா, என் பழைய கல்யாணத் துணியில் ஒரு மணப்பெண். மேப்பிள் மரத்தைச் சுற்றி ஆறு படுக்கை விரிப்புப் பேய்கள் கைகோத்து நிற்கும். ஓரமாகத் தெர்மாகோல் கல்லறைகள். 'இங்கே உறங்குவது ஹெர்மன். காளானைக் கொஞ்சம் பார்த்துச் சாப்பிட்டிருக்கலாம்' என்பது போன்ற வாசகங்கள் எல்லாம் என் சொந்தக் கைவண்ணம். கடையில் விற்கும் காற்றடைத்த ராட்சத பொம்மைகளை நான் மதிப்பதே இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் சுருண்டு விழுவதெல்லாம் ஒரு பேயா?

இப்படி நிம்மதியாக ராஜ்யம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ராய்ஸ் வந்து சேர்ந்தான். ஒக்லஹோமாக்காரன். டிராக்டர் பட்டறையில் வெல்டர் வேலை. ஆகஸ்ட் மாதம் எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்தான். விவாகரத்தானவன், எட்டு வயதுப் பெண் தாயோடு ஒமாஹா நகரத்தில் இருக்கிறாள் என்பதை வந்த ஒரு வாரத்திலேயே விசாரித்து வைத்திருந்தேன். அக்டோபர் பிறந்ததும் அவன் பழைய கலப்பை இரும்பையெல்லாம் கொண்டுவந்து குவித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை பொறி பறக்க ஒட்டினான். நான்காவது ஞாயிறு பார்த்தால், அவன் கூரைமேல் ஒரு சிலந்தி. கார் அளவு உடம்பு. இரண்டு கால் புகைபோக்கியைப் பிடித்திருந்தது, இரண்டு கால் வாசல்வரை இறங்கியிருந்தது. கண்ணுக்கு டிராக்டரின் சிவப்பு விளக்குகள்.

கார்கள் என் வீட்டைத் தாண்டிப் போய் அங்கே நின்றன. என் கணவர் டுவேனிடம் வயிறு எரிகிறது என்றேன்.

"மாத்திரை மேல் தட்டுல இருக்கு," என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஹாலோவீன் வாரம் செவ்வாய்க்கிழமை நான் பேய்களின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது ராய்ஸ் தெருவைத் தாண்டி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு.

"மேடம், ஒரு சந்தேகம். இங்க பிள்ளைங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

"எதுக்கு?"

"எம்பொண்ணு டெஸ்ஸா முதல் தடவையா இந்த வீட்டுக்கு வரா. அவ அம்மா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குக் கொண்டாந்து விடுறா. ஒமாஹாவுல அவங்க இருக்கிறது அஞ்சாவது மாடி. ஹாலோவீனுக்கு ஒரு பிள்ளை கூட வந்து கதவைத் தட்டாதாம். 'மிட்டாய் வாங்கி வாங்கி அலுத்துப்போச்சுப்பா, ஒரு தடவை நான் குடுக்கணும்'னு போன்ல சொல்லிட்டே இருந்தா. அதுக்குத்தான் இந்தச் சிலந்தியே. முழு சாக்லேட்டா நூத்தம்பது வாங்கி வச்சிருக்கேன். குட்டிக் குட்டியா இருக்கறது இல்ல, முழுசு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "அவளுக்கு இந்த வீடு பிடிக்கணும் மேடம். பிடிச்சாத்தான் மறுபடி வருவா."

வெள்ளிக்கிழமை என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

நாடெல்லாம் ஹாலோவீன் முப்பத்தொன்றாம் தேதிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வீடு வீடாக வருவது முப்பதாம் தேதி. அதற்குப் பிச்சைக்கார ராத்திரி என்று பெயர். என் அம்மா சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். வாசலில் நின்று ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய் தருவோம். சும்மா பையை நீட்டினால் ஒன்றும் விழாது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தாண்டிப் போய்விட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் முப்பதாம் தேதி வியாழக்கிழமை.

'வியாழன்' என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் என் பேய்களைத் தாண்டிப்போய் சிலந்தி முன்னால் நின்றது. உள்ளேயிருந்து நாலு பேர் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள்.

"ஆறுலேருந்து எட்டு," என்றேன்.

"ரொம்ப நன்றி மேடம்," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ராய்ஸுக்கு மாலை ஷிப்ட். எதிர்வீடு இருட்டாகக் கிடந்தது. பிள்ளைகள் சிலந்தியை அண்ணாந்து பார்த்தார்கள், அணைந்த விளக்கைப் பார்த்தார்கள், என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒரு கார் வந்து அந்தப் பெண்ணை இறக்கிவிட்டுப் போனது. அவளும் சிலந்தி வேஷம். கறுப்புக் காலுறைகளில் பஞ்சடைத்து, விலாவில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு தைத்திருந்தது. அப்பனும் மகளும் கட்டிக்கொண்டபோது அந்தக் கால்கள் எல்லாத் திசையிலும் ஆடின. ஆறு மணிக்கு வாசல் விளக்கு எரிந்தது. அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பெரிய பாத்திரத்தை வைத்துக்கொண்டாள்.

நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு கார் வந்தது, எழுந்து நின்றாள். கார் போய்விட்டது, உட்கார்ந்தாள். சாக்லேட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கினாள். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். ராய்ஸ் வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளே போனான். மறுபடி வந்தான்.

"என்ன அங்க?" என்றார் டுவேன். அவருக்கு இடுப்பு வலி. மைதானத்துக்குப் போக முடியாமல் பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் மற்ற எல்லோரும் மைதானத்தில்தான்.

"எதிர்வீட்டுப் பொண்ணு மிட்டாயோட உக்காந்திருக்கு."

"அது நேத்தே முடிஞ்சுதே. அந்தப் பையனுக்கு யாரும் சொல்லலையா?"

"என்கிட்டதான் கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன். டுவேன் கையை நீட்டி ரேடியோச் சத்தத்தைக் குறைத்தார். முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில், ஆட்டம் நடக்கும்போது அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா ஆர்லிஸ்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிள்ளைகள் இருக்கிற மூன்று வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறரை ஆகிவிட்டது. வெளியே போனேன். மேப்பிள் மரத்திலிருந்து ஒரு பேயை அவிழ்த்தேன். கண் ஓட்டை சரியாக இருந்தது. தலைவழியே மாட்டிக்கொண்டு, அறுபத்தொரு வயதில், இரண்டு மூட்டும் கிறீச்சிட, தெருவைத் தாண்டினேன்.

டெஸ்ஸா துள்ளி எழுந்தாள். மடியிலிருந்த பாத்திரம் கவிழப் பார்த்தது.

"அப்பா! வந்துட்டாங்க! ஒருத்தர் வந்துட்டாங்க!" பிறகு குரலைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு, "எடுத்துக்கோங்க," என்று நீட்டினாள்.

"சும்மா வாங்கக்கூடாது. இந்த ஊர்ல ஜோக் சொல்லணும். சட்டம்," என்றேன்.

"சரி, சொல்லுங்க."

"எலும்புக்கூடு ஓட்டலுக்குப் போயி என்ன கேட்டுச்சு?"

"என்ன?"

"ஒரு காப்பி, அப்புறம் தரையைத் துடைக்க ஒரு துணி."

ஒரு நிமிஷம் யோசித்தாள். காப்பி எந்த வழியாக இறங்கும் என்று மனசில் பார்த்திருக்க வேண்டும். பிறகு எட்டுக் காலும் குலுங்கச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து விரிப்பைக் கழற்றினேன். மேஜையில் உட்கார்ந்திருந்த அப்பனின் கோட்டை உருவினேன். வைக்கோல் கொட்டியது. கொட்டட்டும். சோளக்கொல்லைப் பொம்மையாகத் திரும்பிப் போனேன்.

"பொம்மை தோள்ல உக்கார வந்த காக்கா என்ன கேட்டுச்சு?"

"தெரியாதே!"

"'மன்னிக்கணும், இந்த இடத்துக்கு யாராச்சும் வராங்களா?'"

அடுத்தது சூனியக்காரியின் தொப்பியும் கறுப்பு அங்கியும். அதற்கடுத்தது மணப்பெண். பத்தொன்பது வருஷமாக அடைத்துத் தைத்ததெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக அம்மணமாகிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது, திரும்பி நடக்க என் மூட்டுக்குத் தெம்பு வந்தது.

நான் மணப்பெண்ணாகத் திரும்பியபோது, படியில் ராய்ஸ் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

"நேத்தே முடிஞ்சுபோச்சு. அப்படித்தானே மேடம்?" என்றான் மெல்ல.

"ஆமா."

"காலைல வாசல்ல மிட்டாய்த் தாளா கெடந்துச்சு. எங்கிருந்தோ காத்துல வந்ததுன்னு நெனச்சுப் பொறுக்கிப் போட்டேன்."

என்னிடம் கேட்டது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கண்ணில் தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "படி ஈரம், பாத்து" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் ரேடியோ அணைந்திருந்தது. டுவேன் தன் மழைக்கோட்டைத் தலைக்குமேல் இழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டு, தலையில்லாத மனிதனாக, கைத்தடியோடு கதவருகே நின்றார்.

"வழியைக் காட்டு. ஒண்ணும் தெரியல," என்றார் கோட்டுக்குள்ளிருந்து.

அவரை நடத்திக் கூட்டிப்போய்ப் படியில் விட்டுவிட்டு நான் இருட்டில் ஒதுங்கி நின்றேன்.

"பாப்பா, எதிர்வீட்டுல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

"இல்லியே."

"நானும் பாத்ததில்ல. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு."

அன்றைக்கு அவள் அடித்த பெரிய சிரிப்பு அதற்குத்தான். வீட்டுக்குள்ளிருந்து ராய்ஸும் சிரித்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடைசியாக ஒரு தடவை மறுபடி படுக்கை விரிப்பில் போனேன். டெஸ்ஸா என் ஜோக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டு, குனிந்து என் காலைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தபோது வாங்கிய வெள்ளை ஷூ. கட்டைவிரல் எலும்பு இடிக்கிறதென்று பக்கத்தில் ஓட்டை வெட்டியிருந்தேன்.

"அப்பா," என்றாள் உள்ளே பார்த்து. "இந்த ஊர்ல பேய், பொம்மை, சூனியக்காரி, கல்யாணப் பொண்ணு எல்லாருக்கும் ஒரே ஷூதான் போல."

"இருக்கும்மா. இங்க ஒரே ஒரு ஷூக்கடைதான்," என்றான் ராய்ஸ்.

அவள் தலையாட்டினாள். எனக்கு ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, "ஜாக்கிரதையாப் போங்க பேயே, மூட்டு வலிக்கப்போகுது" என்றாள்.

எட்டு மணி. என் புல்தரையில் நின்றேன். மேஜையைச் சுற்றி வெறும் வைக்கோல் கட்டுகள். மேப்பிள் மரத்தில் கை விட்டுப்போன ஐந்து பேய்கள். என் கோட்டுப் பையில், டுவேன் வாங்கியதையும் சேர்த்து, ஆறு சாக்லேட்.

"எதிர்வீட்டம்மா!" என்று தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "விளக்கை அணைக்கப்போறோம். நீங்க மட்டும் இன்னும் வரவே இல்ல!"

"நானா? நான்தான் எத்தனை தடவை..."

"அதெல்லாம் அவங்க. நீங்க வரல."

போனேன். வேஷம் ஏதுமில்லை. தலையில் வைக்கோல் மட்டும் ஒட்டியிருந்தது. டெஸ்ஸா மடியில் பாத்திரத்தோடு காத்திருந்தாள். ராய்ஸ் கதவுக்குப் பின்னால் நின்றான்.

"ஜோக்?" என்றாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. வாயைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை வராத வார்த்தை இப்போது வந்தது.

"இந்த ஊர்ல பிள்ளைங்க வியாழக்கிழமையே வந்துட்டுப் போயிடுவாங்க. உங்கப்பா என்கிட்ட வந்து கேட்டாரு. எனக்குத் தெரியும். ஆனா சொல்லல."

"ஏன்?"

"உங்கப்பாவோட சிலந்தி, என் பேய்ங்களைவிட நல்லா இருந்துச்சு. அதான்."

அவள் அண்ணாந்து கூரைச் சிலந்தியைப் பார்த்தாள். திரும்பி, தெருவுக்கு அந்தப் பக்கம் உரித்துப்போட்ட என் வாசலைப் பார்த்தாள்.

"இது ஜோக்கே இல்ல," என்றாள்.

"இல்லதான்."

"சிரிப்பே வரல."

"எனக்கும் வரலம்மா."

பாத்திரத்துக்குள் கையை விட்டாள். தேடித் தேடி, மூலை நசுங்காத ஒன்றாகப் பார்த்து எடுத்தாள்.

"சிரிப்பு வராட்டி பரவால்ல," என்றாள். "கையை நீட்டுங்க."

நீட்டினேன்.