அவள் போனில் என் காது

...காதில் குறை ஒன்றும் கூடவில்லை என்றாளே, காது மெஷின் சரிபார்க்கிற அந்தப் பெண், போன வருஷம் இருந்த அளவுதான் சார், யாரோ போன்லேர்ந்து அப்பப்ப சத்தத்தைக் குறைச்சிருக்காங்க, ஆப் யார்கிட்ட இருக்கு, என்று. மனைவியிடம்தான், எனக்கு அதெல்லாம் வராது என்று நானேதான் கொடுத்தேன்... இனிமே உங்க போன்லயே இருக்கட்டும் சார் என்று அவள் மாற்றித் தந்தது காலையில், இப்போது சாயங்காலம், சோபாவில் நான், எதிரே மனைவியும் மச்சினியும், ஆப் என் போனுக்கு வந்ததை இவளிடம் இன்னும் சொல்லவில்லை. மச்சினி வந்தாலே சத்தமெல்லாம் பஞ்சுக்குள் போய்விடும், காது போகிறது என்றே நினைத்தேன், மெஷினைச் சந்தேகப்பட ஏன் தோன்றவில்லை? வீட்டிலேயே இப்படியென்றால் ரோட்டில் ஹார்ன் கேட்குமா, பக்கத்தில் கார் ஓட்டப் பழகுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு... டிரைவிங் ஸ்கூல் கார் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்த அன்று இவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், போதும்ங்க, உசுர விடவா வேல பெருசு, என்று. அந்தக் கை.

அதோ, மணி பார்க்கிறவள் மாதிரி போனை எடுக்கிறாள். கட்டைவிரல் கீழே இறங்குகிறது. மின்விசிறிச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது, கப் தட்டில் உரசுவதுகூடக் கேட்கிறது.

"கொறச்சிட்டியாக்கா?"

"ஆச்சு, சொல்லு."

மச்சினிக்கும் தெரியுமா? வாய் நிறைய மாமா மாமா என்பாளே... அப்படி என்னதான் ரகசியம் என்றால் அவள் வீட்டுக்காரரின் குறட்டை, திரைச்சீலைக்கு என்ன நிறம், இதற்கா, இதற்காகவா என் காதை அடைத்தாள்? ஜன்னலைப் பார்க்கிறேன், முகம் அசையக் கூடாது.

"மாமா ரொம்ப வாடிட்டாருக்கா. வேலைய விடறப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பாராடி? அந்தக் காரோடதான குடித்தனம் நடத்துனாரு." இருவரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு முடிந்தபின் இவள் மெதுவாக, "இப்பதான் வீட்ல இருக்காரு" என்கிறாள்.

இப்பதான்... அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் எங்கே இருந்தேன்? கேட்டுவிடலாம், இங்கேயே, தங்கை எதிரிலேயே. இவள் என் பக்கம் திரும்புகிறாள்.

"டீ இன்னும் கொஞ்சம் வேணுமாங்க?"

கட்டைவிரல் இன்னும் மேலே ஏறவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கேட்காதவன் மாதிரி காத்திருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொண்டு போனைத் தடவுகிறாள், மறுபடி கேட்கிறாள்.

"என்ன கேட்ட?" என்கிறேன். குரல் இயல்பாகத்தான் வந்தது, கொஞ்சமும் தடுமாறாமல்... முதல் நாள் சத்தத்தைக் குறைத்தபோது இவளுக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்குமோ?