மூன்று விரல் உயரம்

"எவ்வளவு இறக்கணும்?"

"மூணு விரல்."

"யாரோட விரல்?"

"என் சம்சாரத்தோடது."

கேட்டவர் கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துணியின் கறுப்பில் கொஞ்சம் கன்னத்துக்கு வந்தது. "பசங்க வந்தா மில்லிமீட்டர்ல சொல்வானுங்க, போன்ல படம் காட்டுவானுங்க. விரல் கணக்கு இன்னைக்குத்தான் கேக்கறேன். அக்கா, கையைக் கொஞ்சம் காட்டுங்க."

சக்கர நாற்காலியில் இருந்தவள் மூன்று விரல்களைச் சேர்த்து நீட்டினாள். ஊசியும் கத்தரியும் பிடித்துப் பிடித்து நுனி தடித்த, மற்றபடி மெலிந்த விரல்கள். மெக்கானிக் தன் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய இரண்டு விரல்களிலேயே அந்த அளவு முடிந்துவிட்டது.

"நல்லவேளை கேட்டேன். என் கையால அளந்திருந்தா வண்டியைப் புதைச்சிருப்பேன்."

அவள் சிரித்தாள். அவளுடைய கணவன் சிரிக்கவில்லை. சற்று முன்புதான் அவளைக் காரிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். இப்போது பட்டறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, சுவரின் குளிர்ச்சி சட்டை வழியாக உள்ளே வரட்டும் என்று காத்திருப்பவனைப் போல நின்றான்.

இளைஞர்கள் தங்கள் கார்களைத் தரையோடு தரையாக இறக்கிக்கொள்ள வரும் பட்டறை அது. இறக்கிய கார்கள் தெருமுனை வேகத்தடையில் வயிறு உரசிக்கொண்டு போகும் சத்தத்தை வைத்து மெக்கானிக்குக்குத் தரைதட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது பிடித்துப்போய் வாசல் பலகையிலேயே எழுதிவிட்டார். சுவர் நெடுக சிவப்பும் மஞ்சளுமாக ஸ்பிரிங்குகள் தொங்கின. அவற்றுக்குக் கீழே நின்ற இவர்களுடைய கார், நகரத்து நெரிசலுக்கென்று செய்த சின்னக் கார், உயர்ந்த நெற்றியும் குட்டைக் கால்களுமாக, வகுப்பு மாறி உட்கார்ந்துவிட்ட மாணவனைப் போல விழித்தது.

அவளுக்கு முதுகுத்தண்டில் நோய் வந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கையாலேயே வேகம் கூட்டவும் பிரேக் பிடிக்கவும் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு நெம்புகோல் வைத்திருந்தார்கள். அதில் அவள் அவனைவிட நன்றாக ஓட்டுவாள். ஆனால் சீட்டில் ஏறுவதற்கு அவன் வேண்டும். ஒரு கை முழங்காலுக்கு அடியில், ஒரு கை முதுகுக்குப் பின்னால். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பிறகு "ம்" என்று ஒரு சத்தம், அதுதான் கணக்கு, அந்தச் சத்தத்தில் தூக்கு. ஆரம்பத்தில் அதை அவன் சொன்னான். போகப்போக இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். இப்போதெல்லாம் யார் வாயிலிருந்து வருகிறது என்று அவனுக்கே தெரிவதில்லை. அவன் ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தான். பகலெல்லாம் ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து அள்ளி எடுப்பான். ஈரத்துணிக்கு இரக்கமே கிடையாது. வளைந்து கொடுப்பது போலிருக்கும், முழு எடையையும் நம்மிடமே தந்துவிடும். முதுகுவலிக்குப் பார்த்த மருத்துவர் தூக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

நாளைக் காலையில் அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும். வாங்கிய உடைகளை அளவுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. அந்த நேரத்தில் அவன் சலவைக்கூடத்தில் இருப்பான். வீட்டில் ஏற்றிவிடவும் ஆள் கிடையாது, கடையில் இறக்கிவிடவும் கிடையாது. நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே பலகை போட்டு நகர்ந்து ஏற அவள் பல வாரங்களாகப் பழகினாள். சீட்டு நாற்காலியைவிட உயரமாக இருந்து பலகை மேல்நோக்கிச் சாய்ந்ததால் ஒவ்வொரு முறையும் பாதியில் வழுக்கித் திரும்பி வந்தாள். நாற்காலியில் தடித்த மெத்தை போட்டால் தையல் மேசைக்குக் கீழே முழங்கால் நுழையவில்லை. கார் சீட்டை இதற்கு மேல் தாழ்த்த வழியில்லை. ஒருநாள் அவள் கையை அந்த இடைவெளியில் வைத்து, "இந்த மூணு விரல்தாங்க எனக்கும் உலகத்துக்கும் நடுவுல நிக்குது" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று இரவே அவன் காரை இறக்கித் தரும் பட்டறையைத் தேடத் தொடங்கினான்.

தரைதட்டி காரைத் தூக்கித் தாங்கிகள் மேல் நிறுத்தினார். சக்கரங்களைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட் ஒவ்வொன்றையும் திட்டியபடியே அவிழ்த்தார். முன்பக்கத்து ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் கொக்கிகளை மாட்டி, மாற்றி மாற்றித் திருகி நெருக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"தள்ளி நில்லுங்க. பாத்தா சாதுவா இருக்கும். கொக்கி வழுக்கிச்சுன்னா அடுத்த நிமிஷம் மூஞ்சி இருக்காது."

"இவரும் அப்படித்தான்" என்றாள் அவள்.

"சார் கோபக்காரரா?"

"கோபமெல்லாம் வராது. அமுக்கி அமுக்கி உள்ளயே வெச்சுக்குவார். ராத்திரி திரும்பிப் படுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கறார். நான் தூங்கறேன்னு நினைப்பு."

அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம், ஏதோ வண்டியின் கோளாறைச் சொல்வது போலச் சொன்னாள். அவன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் அங்கேயே வைத்தான். தரைதட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டென்று காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாகவே கேட்டது.

சாயங்கால வெயில் பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது புது ஸ்பிரிங்குகள் நான்கும் உள்ளே போயிருந்தன. கார் கீழே இறங்கியது. தரைதட்டி சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"உக்காந்துருச்சு பாருங்க அக்கா, கோழி மாதிரி."

அவள் நாற்காலியைத் திறந்த கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பலகையை வைத்தாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். உள்ளங்கைகளை ஊன்றி, "ம்" என்றாள்.

தனியாக அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் உடம்பு தானாக முன்னால் குனிந்தது. ஓரடி வைத்துவிட்டான்.

"தொடாதீங்க."

நின்றுகொண்டான். அவள் பலகையில் பாதி தூரம் போனாள். தோள்கள் நடுங்கின. இன்னும் கொஞ்சம் போனாள். கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. பிறகு மெதுவாக, அலமாரியில் சரியும் துணிக்கட்டைப் போல, நாற்காலிக்கே வழுக்கி வந்து சேர்ந்தாள்.

அவனுக்குள் ஏதோ ஒன்று இளகியது. நாளைக்கும் நான்தான் தூக்க வேண்டும் என்று நினைத்தபோது முதுகு பயந்தது, ஆனால் அதற்கும் உள்ளே வேறெதுவோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. அந்த நிம்மதி கேட்டிருக்குமோ என்று அவளைப் பார்த்தான். அவள் இடைவெளியில் கையை வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"ஒரு விரல் மிச்சம் இருக்கு" என்றாள்.

"புது ஸ்பிரிங்கு அக்கா. கொஞ்ச நாள் ஓடினா தானா அமரும்."

"எனக்கு நாளைக்கு வேலை."

தரைதட்டி காரைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தைக் கையால் அழுத்தினார். கார் கொஞ்சம் தாழ்ந்து, உடனே பழைய இடத்துக்கே வந்து நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுதுதான்."

"என்ன ஆச்சு?" என்றான் அவன்.

"வண்டி அந்தரத்துல தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிட்டேன். உள்ள ரப்பர் இருக்கு சார். எந்த நிலையில முறுக்கறமோ அதையே பிடிச்சுக்கும். தரையில நிறுத்தி, எடையைக் குடுத்துட்டு அப்புறம்தான் முறுக்கணும். நேத்து தொழிலுக்கு வந்தவன்கூடத் தெரிஞ்சு வெச்சிருப்பான்." கையைத் துணியில் துடைத்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா, சீக்கிரம் முடிச்சு அனுப்பிடலாம்னு தோணுச்சு."

"நாங்க எங்க பேசினோம்?" என்றாள் அவள்.

அவர் எழுந்தார். சக்கரங்களுக்கு அடியில் தடித்த பலகைகளைக் கொடுத்து, கார் தன் கால்களிலேயே நிற்க, அடியில் நுழைய இடம் பண்ணிக்கொண்டார். "சார், நீங்க டிரைவர் சீட்டுல உக்காருங்க. அக்கா எடை அங்க இருக்கணும்."

"நான் அவரைவிட எடை கம்மி."

"சொன்னா சரி. சார், கொஞ்சம் லேசா உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அந்த சீட்டில் அவன் உட்கார்ந்து பல வருடங்கள் இருக்கும். அவன் இடம் எப்போதும் பக்கத்து சீட்டு. நெம்புகோலின் பிடியில் அவள் கை பட்டுப் பட்டு ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தது. கதவோரம் ஒரு சின்ன டப்பாவில் ஊசிகளும் கைக்குட்டையும் இருந்தன. பக்கத்து சீட்டைப் பார்த்தான். அவன் முதுகின் வடிவத்தில் அது குழிந்திருந்தது, இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக. வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் போல. இத்தனை நாளும் ஓட்டிக்கொண்டே அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அடியில் போல்ட் தளர்ந்தது. கார் அவனோடு கீழே இறங்கியது. ஒன்றும் பெரிதாக இல்லை. அலுத்துப்போன ஒருவன் வீட்டுக்கு வந்து தோளை விடுவது போல, அவ்வளவுதான். இன்னொரு போல்ட், இன்னொரு இறக்கம். ஜன்னலுக்கு வெளியே, நாற்காலியில் அவள் முகம் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் எப்போதும் அவளைக் குனிந்து பார்ப்பான், அல்லது தூக்கும்போது கண்ணுக்கு மிக அருகில், உருவமே தெரியாத நெருக்கத்தில் பார்ப்பான். இந்தத் தூரத்தில் அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இறங்குங்க. என் சீட்டு அது."

இம்முறை அவன் தானாகவே தள்ளிப்போய், கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங்குகளுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் பலகை வைத்தாள், கால்களை வைத்தாள், கைகளை ஊன்றினாள். "ம்." அவன் உதடுகளும் அசைந்தன, சத்தம் வரவில்லை. பாதிப் பலகை. நடுக்கம். பிறகு ஒரு சின்ன வழுக்கல், இந்தத் தடவை அந்தப் பக்கமாக. அவள் சீட்டில் இருந்தாள்.

தரைதட்டி கை தட்டப்போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வேலை இன்னும் பாக்கி இருந்தது. அவள் குனிந்து நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். சட்டத்தை மடித்து, மடியில் ஏற்றி, நெஞ்சின் மேலாக இழுத்தாள். ஒரு வார் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க வெகுநேரம் ஆனது. இரண்டு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இவ்வளவு பாரமான வேலை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் சட்டம் மறுபக்கம் சாய்ந்து, பக்கத்து சீட்டின் குழிவில் போய் உட்கார்ந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"வேகத்தடை வந்தா நேரா ஏறாதீங்கக்கா" என்றார் தரைதட்டி. "குறுக்கா ஏறுங்க. இல்லைன்னா அடி தட்டும்."

"நான் எல்லா எடத்துலயும் குறுக்காத்தாங்க ஏர்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே பழைய ஸ்பிரிங்குகளைச் சாக்கில் போட்டு அவனிடம் நீட்டினார். "வெச்சுக்குங்க சார். என்னைக்காவது திரும்ப ஏத்தணும்னா வேணும்." அவன் வாங்கும்போது முழங்காலை மடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வாங்கினான். அவள் பார்த்துவிட்டாள்.

"அதைக் கீழ வைங்க."

வைத்தான்.

"கடை வரைக்கும் ஒரு தடவை தனியாப் போயிட்டு வந்துடறேன். நாளைக்குத் தடுமாறக் கூடாது. அங்க இறங்கிப் பாக்கணும், திரும்ப ஏறிப் பாக்கணும். நீங்க பஸ்ல வீட்டுக்குப் போயிடுங்க. போய்க் கொஞ்சம் படுங்க."

"ம்" என்றான் அவன்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். கார் பட்டறை வாசலுக்கு நகர்ந்து, தெருவில் நெரிசல் குறையக் காத்து நின்றது. திரும்புவதற்கான விளக்கு டிக், டிக் என்று அடித்துக்கொண்டது. வெயில் கண்ணாடியில் பட்டு அவள் முகத்தை மறைத்தது. அவன் சாக்கை அங்கேயே விட்டுவிட்டு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்து காருக்குப் பக்கத்தில் வந்தான். கூரையில் கை வைக்கப் போனான். வழக்கமான உயரத்தில் கூரை இல்லை. கை காற்றில் கொஞ்சம் இறங்கிப் பிறகுதான் தகரத்தைத் தொட்டது. இந்தப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே, அவன் இடத்தில், மடித்த நாற்காலி.

அவன் குனிந்தான். முன்பைவிட அதிகமாகக் குனிய வேண்டியிருந்தது.

"பஸ் ஸ்டாப் வரைக்கும்" என்றான். "என்னையும் ஏத்திக்கிறியா?"

தெருவில் இடம் கிடைத்தது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். நெம்புகோலின் மேல் அவள் கை இருந்தது. விளக்கு டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.