ஒன் சைடு பார்டர் கார்

எங்கள் காருக்கு டயர் வாங்கப் போனபோது அப்பா புடவை எடுக்கும் முகத்தோடுதான் போனார். ஆரணியில் பட்டு வாங்கி விற்றே தலை நரைத்தவருக்கு வேறு முகம் கிடையாது. கடையில் அடுக்கியிருந்த டயர்களில் ஒன்றை உருவி, ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ச் சாய்த்துப் பார்த்தார். சாயம் போகுமா என்று கேட்பதற்குள் நான் குறுக்கிட்டேன்.

"இதுதான் நம்ம வண்டி சைஸ்பா."

"இன்னாடா இது, பார்டரே இல்லாத மாதிரி கீது. பட்டையா காட்டுங்க."

கடைக்காரர் தசரதன் பொறுமைசாலி. "வீல மாத்தாமலே அகலமா போடலாங்க. ஆனா ஒரு சைஸுதான் ஏத்தலாம். அதுக்கு மேல போனா வண்டிய ஒடிக்கிறப்போ உள்ள ஒரசும். அகலம் ஏறினா உயரத்த கொஞ்சம் கொறைச்சு எடுக்கணும். இந்தா, இது சரியா இருக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். "மெக்கானிக்கல் படிக்கிறவன் நீதானடா, சொல்லு."

நான் மூன்றாம் ஆண்டு. கார் சம்பந்தப்பட்ட பாடம் நாலாம் ஆண்டில்தான் வருகிறது. இருந்தாலும் ஆழமாகத் தலையாட்டினேன். கல்லூரி எனக்குக் கற்றுத் தந்ததில் உருப்படியானது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செய்யாறுக்கு அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். கார் பழசு. பெயிண்ட் அடிக்க நேரமில்லை. ஆகவே தரையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் அந்தஸ்து சேர்த்துவிடுவது என்பது அப்பாவின் திட்டம். பார்டர் பெரிதாக இருந்தால் புடவையின் உடலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லையாம்.

"நாலு டயர் எறக்கட்டுமா?" என்றார் தசரதன்.

"ஏங்க, ரோட்டோரம் நின்னு பாத்தா ஒரு காருக்கு எத்தினி டயர் தெரியும்?"

தசரதன் யோசித்தார். அவர் யோசித்திருக்கக் கூடாது. "ரெண்டு."

"அப்ப ரெண்டு போதும். லெஃப்ட் சைடுல முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"ஐயா, சைடுக்கு ரெண்டுன்னு எவனும் போட மாட்டான். போட்டா ஜோடியா போடணும். முன்னால ரெண்டு, இல்ல பின்னால ரெண்டு."

"எங்க லைன்ல ஒன் சைடு பார்டர்னு புடவையே கீது. ஒரு பக்கம் பெரிய பார்டர், இன்னொரு பக்கம் சும்மா கோடு மாதிரி. எந்தப் பொம்பளையாவது இன்னொரு பக்கம் எங்கன்னு கேட்டிருக்காளா? இடுப்புல செருகுற பக்கத்துக்கு எவனாவது ஜரிகை போடுவானா?"

"புடவை ரோட்டுல ஓடாதுங்க" என்றார் தசரதன்.

அப்பா உடனே இறங்கி வந்தார். சரி, முன்னால் ஜோடியாகவே போடுங்கள் என்றார். அவர் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கேட்டைச் சாத்திவிட்டு, "ஜாக்கி எங்கடா?" என்றபோதுதான் வந்தது. முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி இடது பின்னால் மாட்டினோம். அங்கிருந்த ஒல்லி சக்கரம் வலது முன்னால் போனது. எல்லாம் பழைய வீல்கள்தான் என்பதால் போல்ட்டுகள் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை.

அண்ணன் கமலக்கண்ணனுக்கு விஷயம் தெரிந்தது ஞாயிறு காலையில்தான். பவர்லூம் ஷெட்டைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு நடை நடந்தான்.

"யப்பா, இது ஆவறதில்ல. அவங்க வீட்டுல போன தடவ இன்னா நடந்ததுன்னு தெரியுமா, தெரியாதா?"

தெரியும். புரோக்கர் கொடுத்த நம்பரில் அண்ணன் அந்தப் பெண் பானுப்ரியாவோடு ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தான். அதனால் அந்த வீட்டு வரலாறு எங்களுக்கு மனப்பாடம். முன்னால் ஒரு மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்து, சொந்தக் கார் என்று சொல்லியிருக்கிறான். கேசரி சாப்பிடும் நேரத்தில் டிரைவர் உள்ளே வந்து, வெயிட்டிங் சார்ஜ் யார் தருவீர்கள் என்று கேட்டுவிட்டான். பெண்ணின் அப்பா லோகநாதன் எழுந்து கைகூப்பிவிட்டார். காபிகூட வரவில்லையாம். ஜாதகத்தில் எந்தக் குறை இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், பித்தலாட்டம் தெரிந்தால் மட்டும் அப்பா உட்கார மாட்டார் என்று பானுப்ரியா சொல்லியிருந்தாள்.

இன்னொரு தகவலும் உண்டு. அவள் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை.

"எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்" என்றான் அண்ணன். அவன் வீட்டில் எதையும் வேணும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டாவது இட்லியைக்கூட அம்மா வைத்தால்தான் சாப்பிடுவான். "மறுபடி மாத்துடா, ஜல்தி."

"எமகண்டம் வந்துடும், ஏறு" என்றார் அப்பா. "அவங்க தெருவுல மேற்கால நொழைஞ்சா வீடு லெஃப்ட்ல வரும். லெஃப்ட் சைடு வாசலப் பாத்து நிக்கும். நம்மளும் லெஃப்ட்லயே எறங்குவோம், லெஃப்ட்லயே ஏறுவோம். இன்னா கெட்டுப்போச்சு?"

படவேடு ரேணுகாம்பாள் கோயில் எலுமிச்சம்பழத்தை மட்டும் அவர் நாலு சக்கரத்துக்கும் வைத்தார். அம்மனுக்கு நாலு பக்கமும் தெரியும்.

நான்தான் ஓட்டினேன். கார் இடது பக்கமாகவே இழுத்தது. ஸ்டீரிங்கை வலது பக்கம் லேசாகத் திருப்பிப் பிடித்திருந்தால்தான் நேராகப் போனது. பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டாள்:

"ஏன்டா கோணலா உக்காந்துகினு ஓட்டற?"

"நேரா போறதுக்குத்தாம்மா."

செய்யாறில் அந்தத் தெருவின் மேற்கு முனையைக் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு கிழக்கு முனைக்கு வந்தோம். அந்தப் பக்கமாக நுழைந்தால் வீடு வலது பக்கம் வரும். அப்பா பள்ளிக்கூடப் பையன் போல விரல்களை விரித்து, கிழக்கு மேற்கு வைத்துக் கணக்குப் போட்டார்.

"ரிவர்ஸ்ல போடா."

"எவ்ளோ தூரம்பா?"

"வீடு வர்ற வரைக்கும்."

"பேஜாரா போச்சு" என்றான் அண்ணன், யாரிடமும் இல்லாமல்.

அந்தத் தெரு முழுக்க நாங்கள் பின்பக்கமாகவே போனோம். ரிவர்ஸில் போனாலும் கார் தன் கொள்கையை விடவில்லை. ஒரு தண்ணீர்க் குடத்தையும் ஒரு கன்றுக்குட்டியையும் தப்பவிட்டு, பச்சைப் பெயிண்ட் மணக்கும் ஒரு வீட்டை நெருங்கியபோது, வாசலில் நின்ற லோகநாதன் படியிறங்கி ஓடி வந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"ஐயா, ஐயா! ஏங்க திரும்பிப் போறீங்க? இன்னா குறை ஆச்சு?"

கார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதால் அவர் பார்வைக்கு நாங்கள் வந்து, வீட்டைப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் கிளம்பிவிட்டோம். அப்பா கண்ணாடியை இறக்கி, "போவலிங்க, வந்துகினுதான் இருக்கோம்" என்றார்.

உள்ளே எல்லாம் நன்றாகவே நடந்தது. வாசல் சுவரில் சாய்ந்ததில் என் சட்டைத் தோளில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. பானுப்ரியா காபி கொண்டுவந்தாள். டம்ளரை அண்ணனிடம் நீட்டும்போது, "எதுக்கு ரிவர்ஸ்ல வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அண்ணன், "தெருவ தோண்டியிருந்தாங்க" என்றான். பதிலில் பொய் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு காபியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

லோகநாதன் வழியனுப்ப வந்தார். இடது பக்கம் நின்று டயரைப் பார்த்து, "நல்லா பட்டையா போட்டிருக்கீங்க, புதுசா?" என்றார். உரக்கடை வைத்திருப்பவர், லோடு வண்டிகளின் சக்கரத்தைப் பார்த்துப் பழகியவர். அப்பா மலர்ந்துபோனார். "ஆமாங்க. கார்னா அதுக்கு ஒரு கம்பீரம் வேணும் இல்லீங்களா."

லோகநாதன் அதே ஆர்வத்தோடு காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

தெருவில் யார் வீட்டிலோ குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. லோகநாதன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பிறகு பின்சக்கரத்துக்கு நகர்ந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் டிரைவர் வெயிட்டிங் சார்ஜ் கேட்ட நாள் தெரிந்தது. கைகள் இரண்டும் கூப்புவதற்காக மெல்ல மேலே வந்தன.

"அது வந்துங்க, ஸ்டெப்னி..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஸ்டெப்னி இல்ல" என்றான் அண்ணன்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம். இரண்டாவது இட்லிக்கு வாய் திறக்காதவன் பேசினான்.

"அந்தப் பக்கம் உங்களுக்குக் காட்டறதுக்கு. இந்தப் பக்கம் நாங்க ஓட்டறதுக்கு. அதுக்குத்தான் ரிவர்ஸ்ல வந்தோம். கார் எங்களுதுதான், பழசு. காலைல மாத்தச் சொன்னேன், மாத்தல. அதுக்கு மேல சண்ட போடாம ஏறி உக்காந்தது என் தப்பு. கூப்பிடறதா இருந்தா கும்பிடுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

பதற்றத்தில் 'கும்பிடறதா' என்பது 'கூப்பிடறதா' ஆகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. லோகநாதனின் கைகள் பாதி வழியில் நின்றன. வாசற்படியிலிருந்து பானுப்ரியா இறங்கி வந்தாள். காரின் முன்னால் நின்று இடது சக்கரத்தைப் பார்த்தாள், வலது சக்கரத்தைப் பார்த்தாள். பழக்கம்.

"ரிஜெக்ட்தான்" என்றாள். "எங்க லைன்ல இது வந்தா ரெண்டையும் எடுத்துக் கடாசிடுவோம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆனா யப்பா, அவர் தோள்ல பாரு" என்று என்னைக் காட்டினாள். "நம்ம பெயிண்ட் ஒட்டிகினு கீது. அவங்க உள்ளத சொல்லிட்டாங்க. நம்ம வீட்டுப் பின்பக்கத்தையும் காட்டிட்டா கணக்கு சரியாப் போயிடும்."

லோகநாதன் கைகளைக் கீழே விட்டார். சந்து வழியாக எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். முன்பக்கச் சுவரின் பச்சை, சந்து திரும்பும் இடத்தில் கத்தியால் வெட்டியது போல நின்றிருந்தது. அதற்கு அப்பால் எந்தக் காலத்துச் சுண்ணாம்போ, பாதி உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

"நீங்க வாசல் வழியாத்தான வருவீங்கன்னு..." என்றார் லோகநாதன்.

அப்பா அந்தச் சுவரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக, தன் தொழிலைப் புரிந்த ஒருவரைச் சந்தித்தது போல அவர் தோளைத் தட்டினார்.

"ஒன் சைடு பார்டருங்க" என்றார். "அதுல தப்பே இல்ல."

உள்ளே போய் மறுபடி உட்கார்ந்தோம். இரண்டாவது காபி வந்தது. இந்த முறை அண்ணன் காபியைப் பார்க்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அவர்கள் மீதி இரண்டு டயர் வாங்கித் தருவதாகவும், பதிலுக்கு நாங்கள் பின்சுவருக்குப் பெயிண்ட் அடித்துத் தருவதாகவும் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் பேச அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது.

திரும்பி வரும்போது கார் இடது பக்கமாகவே இழுத்தது. அண்ணன் போனில் எதையோ படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஊர் எல்லையைத் தாண்டியதும் அப்பா யோசனையோடு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, அந்தப் பின்சுவத்துல ரோட்டுலேந்து பாத்தா எவ்ளோ தெரியும்?"